தைக்கும் தைக்கும் நடுவே: ஜல்லிக்கட்டு ரசிகனின் மீதி வருஷம்

மதுரையில் ஜல்லிக்கட்டு மூன்று நாள். தை முதல் நாள் அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர். பிறகு புதுக்கோட்டை, திருச்சி, சிவகங்கை, திண்டுக்கல் பக்கம் வைகாசி வரைக்கும் எங்கேயாவது ஒரு ஊரில் வாடி திறந்துகொண்டுதான் இருக்கும். ஆர்வம் முத்திப்போனவர்கள் வேன் பிடித்து அங்கேயும் போவார்கள். மதுரைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மூன்று நாளோடு சரி. மீதி 362 நாள் என்ன செய்வது?

இந்த மீதி நாட்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. வாடிவாசல் திறந்திருக்கும்போது எல்லாருமே ரசிகர்தான். கேலரியில் ஏற்றி உட்கார வைத்தால் வெளிநாட்டுக்காரரும் சேர்ந்து கத்துவார். ஆவணி மாசத்தில் ஒருவன் என்ன பேசுகிறான், எதை ஞாபகம் வைத்திருக்கிறான், எதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறான் என்பதை வைத்துத்தான் அவன் ரசனையை அளக்க முடியும் என்பது என் கட்சி. அப்படி அளந்து பார்த்தால் இன்றைய நிலைமை அவ்வளவு நல்லா இல்லை. ஏன் என்று சொல்வதற்கு முதலில் ஒரு புத்தகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959இல் வந்தது. 'எழுத்து' பத்திரிகையை அவர் தொடங்கியதும் அதே வருஷம்தான். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். உசிலனூர் அம்புலியைக் குத்திக் கொன்ற காரி என்ற மாட்டைப் பிடிக்க அம்புலியின் மகன் பிச்சி, மச்சான் மருதனோடு வருகிறான். மாடு ஜமீன்தாருடையது. கதை நடப்பது ஒரே மத்தியானம். இதை மனிதனுக்கும் மிருகத்துக்கும் நடக்கும் போர் என்று வாசித்திருக்கிறார்கள், ஜமீன் கௌரவத்தின் கதை என்றும் வாசித்திருக்கிறார்கள். இரண்டும் சரிதான். இந்தத் தடவை படித்தபோது என் கண் நின்றது வாடிவாசல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் அந்தக் கிழவர் மேல்.

காரி களத்துக்கு வர வெகு நேரம் ஆகும். நடுவில் வேறு மாடுகள் வருகின்றன, பிச்சி கை வைக்கிறான், அதெல்லாம் உண்டு. ஆனால் நம்மை நகரவிடாமல் வைத்திருப்பது கிழவரின் பேச்சு. எந்த மாடு எங்கே நின்று குத்தும், எது பாய்ந்து போய்விடும், யார் எந்தக் காலத்தில் எந்த மாட்டை அணைந்தான், யார் எந்தக் கொம்பில் போனான், எல்லாமே அவர் வாயில் இருக்கிறது. இத்தனைக்கும் அவர் மாடு பிடிக்கப் போவதில்லை. மாட்டுக்குச் சொந்தக்காரரும் இல்லை. அப்படியானால் அவர் யார்? ரசிகர். தமிழ்ப் புனைகதையில் ஒரு விளையாட்டு ரசிகனை இவ்வளவு முழுசாக எழுதின இடம் இன்னொன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

அவர் அந்த மத்தியானம் பேசுவது வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்தது. தைக்கும் தைக்கும் நடுவில், மந்தையிலும் சாவடியிலும் பேசிப் பேசி, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திருத்தி, அப்படிச் சேர்ந்த சரக்கு. செல்லப்பா அதைச் சொல்லவே இல்லை. கிழவரின் பேச்சு போகிற தோரணையில் நமக்கே தெரிந்துவிடுகிறது. இன்னொன்று முக்கியம். அந்த ஞாபகத்தில் மாட்டின் பெருமையும் மனிதனின் சாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காரி எப்பேர்ப்பட்ட மாடு என்று சொல்ல வாயெடுத்தால் அம்புலியின் சாவைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் கொண்டாட அவருக்குத் தெரியாது.

குறை என்று சொல்ல ஒன்று உண்டு. காரி போன தையிலிருந்து இந்தத் தை வரை எங்கே நின்றது, யார் தண்ணி காட்டினார்கள், சாணி அள்ளினது யார் என்று புத்தகம் ஒரு இடத்திலும் கேட்பதில்லை. தொழுவத்துக்குள் கதை போவதே இல்லை. பெயர் சொல்லி மனசில் நிற்கிற மாதிரி ஒரு பெண்ணும் கிடையாது. ஒரு மத்தியானத்துக்குள் இறுக்கிப் பிடித்தது கலையாகப் பார்த்தால் சரியான முடிவு. அந்த இறுக்கம்தான் புத்தகத்தின் பலம். ஆனால் பின்னால் வந்த எல்லாரும் அவர் நின்ற அதே இடத்தில், வாடிவாசலுக்கு எதிரில், கேமராவை நட்டுவிட்டார்கள். 'முரட்டுக்காளை' (1980), 'விருமாண்டி' (2004) ரெண்டிலும் மாடு வருவது கதாநாயகன் எப்பேர்ப்பட்டவன் என்று காட்டத்தான். காட்டியானதும் மாட்டுக்கு வேலை முடிந்தது. 'வாடிவாச'லையே வெற்றிமாறன் சூர்யாவை வைத்துப் படமாக எடுப்பதாக அறிவித்து வருஷங்கள் ஆகின்றன. அதற்காகக் காத்திருப்பவர்களின் ஆஃப் சீசன் நம்முடையதைவிட நீளம்.

சரி, செல்லப்பா போகாத தொழுவத்துக்குப் போவோம்.

ஒரு மாடு களத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள். பாய்ந்து போகிற மாடு என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் கலெக்சன் பாயிண்டுக்குப் போய்விடும். நின்று சுத்துகிற மாடு கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு: பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, உளுந்து, துவரம் தூசி, சோளத்தட்டை. (மதுரையில் மனுசனே பருத்திப்பால் வாங்கிக் குடிக்கிறான், மாட்டுக்குக் கொட்டையைப் போடுவதில் என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். விலையைக் கேட்டால் ஆச்சரியம் வரும்.) காலையில் நடை. கண்மாயிலோ கிணற்றிலோ தண்ணி இருந்தால் நீச்சல். மண்ணைக் குவித்து வைத்துக் குத்துப் பழக்கம். மாடு வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை பணக்கார வீடு இல்லை. மாட்டுக்குச் செலவழிப்பதைக் கணக்குப் பார்த்தால் நஷ்டம் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

இந்த வேலையில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களுடையது. களத்தில் நாற்பது பேரை ஓடவிட்ட மாடு, வீட்டம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையை ஆட்டிக்கொண்டு வரும். அலங்காநல்லூர் போகிற வழியில் ஒரு தீவனக் கடையில் ஒருத்தரிடம், "அண்ணே, மாடு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எங்கிட்ட என்ன கேக்குறீங்க, தம்பி? வீட்டுல கேளுங்க. எனக்கு இன்னும் கொம்பக் காட்டுது" என்றார். சமீப காலத்தில் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மாட்டை வாடிக்குக் கொண்டுவந்து அவிழ்ப்பதைப் பார்க்கிறோம். மைக்கில் அவர்கள் பெயரையும் சொல்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனாலும் அது அந்த ஒரு நாளின் மரியாதைதான்.

தொழுவத்துக்கும் வெளியே இன்னொரு ஆள் இருக்கிறார், அவரை யாருமே பார்ப்பதில்லை. மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடு கட்டுத்தறியில் வளர்வதைவிடக் கிடையில் வளர்வதுதான் வழக்கம். அறுப்பு முடிந்த வயல்களில் ராத்திரி கிடை போடுவார்கள். சாணியும் மூத்திரமும் வயலுக்கு உரம், வயல்காரர் அதற்குக் கூலி தருவார். கிடைமாட்டுக்காரருக்கு இன்னொரு வருமானம், கிடையில் பிறக்கும் காளைக்கன்றை ஜல்லிக்கட்டுக்கு வளர்ப்பவர்களிடம் விற்பது. வெயிலில் ஊர் ஊராக மாட்டோடு நடக்கிறவர் அவர். மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க முதலில் அடிபடுவதும் அவர்தான். களத்துக் காளையின் சுறுசுறுப்பை நாட்டு மாட்டின் பெருமை என்று மேடையில் பேசுகிற யாரும் கிடைக்கு மேய்ச்சல் இடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது விமர்சனத்தின் கசப்பான பகுதி. கிழவரின் இடத்தில் இன்று யார் இருக்கிறார்கள்? வீடியோக்கள். குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவற்றில் சிலவற்றை நானும் விடாமல் பார்க்கிறவன். பல வருஷத்துக் களங்களை முழுசாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒரே மாடு மூன்று வருஷத்தில் மூன்று விதமாக விளையாடியதை அடுத்தடுத்துப் பார்க்கலாம். அது செல்லப்பாவின் கிழவருக்கே கிடைக்காத பாக்கியம். வளர்ப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் பேட்டி எடுக்கும் சில வீடியோக்கள், தீவனம், பராமரிப்பு என்று நிதானமாகப் போகின்றன. நான் மேலே எழுதினதில் கொஞ்சம் அவற்றிலிருந்து தெரிந்துகொண்டதுதான்.

ஆனால் ஆஃப் சீசனில் அதிகம் பரவுவது அந்த வகை கிடையாது. முப்பது செகண்ட் துண்டுகள். மாடு வெளியே பாயும்போது மெதுவாக்கி, சினிமாப் பாட்டோ பறையடியோ ஏற்றி, பெயரைத் தங்க எழுத்தில் போட்டு, கடைசியில் மாடு திரும்பிப் பார்க்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இதில் மாட்டின் குணம் தெரியாது. நின்று யோசிக்கிற மாட்டுக்கும் மிரண்டு ஓடுகிற மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் ரெண்டும் ஒரே வேகத்தில் மிதக்கின்றன. பிடித்த ஆள் எந்தக் காலை எங்கே ஊன்றினான், திமிலை எந்தப் பக்கமிருந்து அணைந்தான் என்பதும் தெரியாது. கிழவர் பேசின விஷயம் எல்லாம் அந்த வெட்டில் கீழே விழுந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிசாக ஒன்றும் விழுகிறது. 2023இல் பாலமேட்டில் ஒரு மாடுபிடி வீரர் இறந்தார். 2025இல் அவனியாபுரத்தில் இன்னொருவர். ரெண்டு பேரும் இளைஞர்கள். மதுரைக்கு வெளியே நடக்கும் களங்களில் வேடிக்கை பார்த்தவர்களும், மாட்டைப் பிடித்துக் கட்டக் காத்திருந்த சொந்தக்காரர்களும் இறந்திருக்கிறார்கள். அன்றைக்குச் செய்தி வரும், நிவாரணம் அறிவிப்பார்கள், சாயங்காலம் முதல் பரிசு காருக்கு முன்னால் போட்டோ. மாசி பிறக்கும்போது அந்த வருஷத்து 'மாஸ் மொமெண்ட்ஸ்' தொகுப்பு வரும். அதில் அந்தப் பையன் இருக்க மாட்டான். குத்தின மாடு இருந்தாலும் இருக்கும், குத்தின இடம் மட்டும் வெட்டப்பட்டிருக்கும்.

மாடு செத்தால் நாம் மறப்பதில்லை. மாலை போட்டு, ஊரே கூடி, குழி தோண்டிப் புதைக்கிறோம். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்து, எந்தெந்த வாடியில் பிடிபடாமல் வந்தது என்று பட்டியல் போடுகிறோம். அதைக் கிண்டலடிக்கிற ஆள் நான் கிடையாது. வருஷக்கணக்காகக் கூடவே வளர்ந்த உயிருக்கு அழுவது நியாயம். ஆனால் அந்தப் பிளக்ஸில் மாட்டின் களக் கணக்கை அவ்வளவு துல்லியமாக எழுதுகிற ரசிகனிடம், அதே வாடியில் இறந்தவர்கள் பெயரை வருஷவாரியாகச் சொல்லச் சொன்னால் தடுமாறுவான். அம்புலியைத் தெரியாமல் காரியை மட்டும் தெரிந்தவன் அவன். செல்லப்பாவின் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவனிடம் என்ன பேசியிருப்பாரோ.

விளையாட்டு நின்றிருக்கும் காலம் ரசிகனை என்ன செய்யும் என்று பார்க்க வெளியே ஒரு உதாரணம். டொரோண்டோவில் நம்மாட்கள் நிறையப் பேர் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் பிடித்து அலைகிறார்கள். (மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கினது 1967இல். அந்த ரசிகர்களுக்கு வருஷமே ஆஃப் சீசன்தான்.) என்.எச்.எல். போட்டிகள் ஜூனில் முடிந்தால் மறுபடி அக்டோபரில். நடுவில் எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்குப் போகிறார் என்ற வம்புதான் பொழுதுபோக்கு. 2011 கோடை அப்படிப் போகவில்லை. மே 13ஆம் தேதி டெரெக் பூகார்ட் இறந்தார், வயது 28. ஆகஸ்டில் ரிக் ரிப்பியன், அதே மாதக் கடைசியில் வேட் பெலாக். மூவருமே களத்தில் முஷ்டிச் சண்டை போடுவதற்குப் பெயர்போனவர்கள். அந்த ஆட்டத்தில் அதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்துவது அந்தச் சண்டைக்குத்தான். பூகார்டின் மூளையைப் பரிசோதித்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்த அடியால் வரும் சிதைவு அதில் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மூன்று சாவுக்கும் ஒரே காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் பனித்தளம் காலியாகக் கிடந்த அந்த மாசங்களில் ரசிகர்களே கேட்க ஆரம்பித்தார்கள்: நாம் கத்தினது எதுக்கு? நியூயார்க் டைம்ஸ் அந்த டிசம்பரில் பூகார்டின் வாழ்க்கையை நீளமான தொடராக வெளியிட்டது. சண்டை அதோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அதற்கென்று மட்டும் ஆள் எடுப்பது பின்னால் வந்த வருஷங்களில் வெகுவாகக் குறைந்துபோனது.

நமக்கும் அப்படி ஒரு நீண்ட இடைவெளி கிடைத்தது. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2015 பொங்கலும் 2016 பொங்கலும் வாடி திறக்காமலேயே போயின. 2016 ஜனவரி 7இல் மத்திய அரசு அனுமதித்து அறிவிக்கை போட்டது, ஐந்தே நாளில் நீதிமன்றம் அதையும் நிறுத்தியது. மாடு வைத்திருந்தவர்கள் தீனிச் செலவைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள், முடியாதவர்கள் விற்றார்கள். 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் தமுக்கத்திலும் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அவசரச் சட்டம் வந்த மறுநாள், ஜனவரி 22, முதலமைச்சரே மதுரைக்கு வந்தும் அலங்காநல்லூர்க்காரர்கள் நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று வாடியைத் திறக்க விடவில்லை. பிப்ரவரி 10ஆம் தேதிதான் அங்கே மாடு அவிழ்ந்தது.

அந்த மூன்று வருஷத்தில் நாம் பேசினது எல்லாம் உரிமை, அடையாளம், நாட்டு மாடு. பேச வேண்டியதுதான், எதிரில் தடை இருந்தது. தடை இருக்கும்போது நம் பக்கத்துச் சாவை நாமே எடுத்துப் பேசினால் எதிர்த்தரப்புக்கு வாய்க்கு அவல் போட்ட மாதிரி என்ற பயமும் புரிகிறது. ஆனால் 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. (தடை வந்ததும் மே, தீர்ந்ததும் மே. நம் களத்தின் தலையெழுத்து ரெண்டு தடவையும் தை முடிந்த பிறகே எழுதப்பட்டிருக்கிறது.) அதற்குப் பிறகும் அதே பயத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்க என்ன காரணம்? இப்போது பேசினால் ஜல்லிக்கட்டு போய்விடாது. கலெக்சன் பாயிண்டில் கயிறு போடும் இடம் ஏன் இவ்வளவு நெருக்கடி, பார்வையாளர் தடுப்பு எங்கே பலவீனம், அடிபட்டவர் ஆஸ்பத்திரி போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆவணியிலும் ஐப்பசியிலும் பேசினால்தான் தையில் ஏதாவது மாறும். மார்கழியில் ஆன்லைன் டோக்கன் வந்துவிடும், பிறகு எல்லாரும் அதன் பின்னால் ஓடுவோம்.

கீழக்கரையில், அலங்காநல்லூருக்குப் பக்கத்தில், 2024 ஜனவரி 24ஆம் தேதி கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறந்தார்கள். 66 ஏக்கர், 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பொங்கல் ஜல்லிக்கட்டு ஊருக்குள் பழைய வாடியிலேயே தொடர்கிறது, அதுதான் சரி. சாமி கும்பிட்டு, கோயில் காளையை முதலில் விட்டு நடத்துகிற ஊர்த் திருவிழாவை அரங்கத்துக்கு இழுத்துப்போக முடியாது. அப்படியானால் அந்த அரங்கம் எதுக்கு என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் பாதி உடன்பாடுதான். ஆஃப் சீசனுக்கென்று நம்மிடம் இருக்கும் ஒரே கட்டடம் அது. பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத் திடல் தை முடிந்ததும் வெறும் திடல். அலங்காநல்லூர் வாடி வெறும் தெரு. கீழக்கரையில் மட்டும்தான் சுவர் இருக்கிறது, எதையாவது மாட்டிவைக்கலாம்.

என்ன மாட்டிவைப்பது என்பதில்தான் எனக்குச் சண்டை. சங்க இலக்கியத்தில் ஏறுதழுவுதல் இருக்கிறது என்பதற்குப் படம், கொம்பைச் சீவின மாட்டுச் சிலை, திமில் பிடித்த ஆளின் சிலை, இதெல்லாம் மதுரையில் எந்த ரவுண்டானாவிலும் பார்க்கலாம். கலித்தொகையின் முல்லைக்கலியைச் சும்மா பெருமைக்கு எடுத்துக் காட்டுகிறவர்கள் அதைக் கொஞ்சம் முழுசாகப் படித்துப் பார்க்க வேண்டும். மாட்டின் நிறத்தையும் சுழியையும் ரசித்துச் சொல்லிக்கொண்டே வருகிற அந்தப் புலவர், குடல் சரிந்து கிடப்பவனையும் அதே நிதானத்தோடு காட்டுகிறார். எனக்குக் கேட்டால், அந்தச் சுவரில் ஒரு தொழுவம் வேண்டும், பருத்திக்கொட்டை ஊறவைத்த வாளியோடு, அதை ஊறவைத்தவர் பெயரோடு. ஒரு கிடைமாட்டுக்காரரின் ஒரு வருஷத்து நடைபாதை மேப்பாக வேண்டும். மூன்று ஊர் வாடியிலும் இறந்தவர்கள் பெயர், வயது, வருஷம் எழுதின ஒரு பலகை வேண்டும். குத்தின மாட்டின் பெயரையும் போடலாம், அதில் மாட்டுக்கு ஒரு அவமானமும் இல்லை.

அந்தப் பலகைக்கு வேண்டிய விவரம் பழைய செய்தித்தாள்களில் சிதறிக் கிடக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்திருக்கிறேன், மெதுவாகத்தான் போகிறது. கிடைமாட்டுக்காரர்களைப் பற்றி இங்கே ஒரு பத்தியில் தாண்டிவிட்டேன். அவர்களோடு ரெண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்து தனியாக எழுதுகிறேன், புரட்டாசிக்குள்.